பூட்டியாச்சு, அக்கா

எனக்குக் கோபம் வந்தால் முதலில் போவது குரல். தொண்டை அடைத்துக்கொள்ளும். எல்லாரும் நடந்ததை மறந்து சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் அது திரும்பி வரும். அதனால் வீட்டில் எனக்குக் கோபக்காரி என்ற பெயர் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் சண்டை பிடிக்கிறவள் என்ற பெயர்தான் இருக்கிறது. இதையும் அப்படித்தான் எழுதுகிறேன், நேரம் பிந்தி. தம்பி இதை வாசித்தால் வாசிக்கட்டும்.

முள்ளியவளையில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரப் பெண்களின் கதைகளைக் கேட்பது என் வேலை. எங்களுடையது மிகச் சிறிய மாதர் அமைப்பு. வீட்டில் அடிவாங்கும் பெண்கள், விட்டுப் போன புருஷனோடு வழக்குப் பேச நினைக்கும் பெண்கள், வழக்கறிஞரிடம் போவதற்கு முன் யாரிடமாவது ஒருமுறை எல்லாவற்றையும் சொல்லிப் பார்க்க வேண்டும் அல்லவா, அந்த யாராவது நான். போனில் பதிவுசெய்வேன். வீட்டுக்கு வந்ததும் லப்டொப்புக்கு மாற்றிவிட்டுப் போனில் இருப்பதை அழித்துவிடுவேன். வாய் திறப்பதற்கு முன் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"இதை வேற ஆரும் கேப்பினமோ?"

அந்த லப்டொப் வெளிநாட்டில் இருக்கும் சித்தியின் மகன் பாவித்து அலுத்துப்போய் அனுப்பியது. வந்தபோதே மூச்சு வாங்கிக்கொண்டுதான் வந்தது. திறந்தால் அது விழிக்கும்வரை உடுப்புத் தோய்த்துக் காயப்போட்டுவிட்டு வரலாம். கடையில் கேட்டதற்கு, புதிய பதிப்பு இதில் ஏறாது, அதற்கு வேண்டிய சிப் ஒன்று இதற்குள் இல்லை, பழையதற்கு இனிப் பாதுகாப்பும் வராது என்றார்கள். தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்கு என்பதை அவ்வளவு மரியாதையாகச் சொன்னார்கள்.

தம்பி வவுனியாவில் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்கிறான். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான்.

"எறிய வேண்டாம் அக்கா. லினக்ஸ் போட்டு விடுறன். இது இன்னும் கன வருஷம் ஓடும்."

சொன்னபடியே ஒரு சனிக்கிழமை பென்ட்ரைவோடு வந்து இறங்கினான். விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். எனக்கு ஒவ்வொன்றையும் விளக்கிக்கொண்டே செய்தான். படிப்பிக்கிறவன் அல்லவா, வாய் சும்மா இருக்காது. மெஷின் விழிக்கும்போது ஒரு பொத்தானை விடாமல் தட்டினான். உள்ளே ஒரு காவல்காரன் இருக்கிறானாம், தெரியாத முகத்தை விடமாட்டானாம், முதலில் அவனை லீவில் அனுப்ப வேண்டுமாம். பிறகு வை-ஃபை வேலை செய்யவில்லை. அந்த மெஷினில் இருக்கும் வை-ஃபை துண்டுக்கு லினக்ஸோடு பேச வராது, தனியாக ஒன்று இறக்க வேண்டும், அதை இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு வை-ஃபை வேண்டும். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கடைசியில் என் போனை வயரால் இணைத்து அந்த முடிச்சை அவிழ்த்தான். பற்றரி செத்த மெஷின், இடையில் கரண்ட் போனால் எல்லாம் பாழ் என்று அம்மா பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டிருந்தா.

நான் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"முழு டிஸ்க்கையும் பூட்டிவிடு. நான் வாசிச்சனான். அப்பிடிச் செய்தா இதை ஆர் களவெடுத்தாலும் உள்ளுக்கு இருக்கிறதைத் திறக்கேலாதாம்."

அவன் முகத்தைச் சுளித்தான். "இது பழைய ப்ரொசெசர் அக்கா. எழுதுறதை எல்லாம் மறைச்சு மறைச்சு எழுதவேணும், வாசிக்கேக்க திரும்ப அவிட்டு அவிட்டு வாசிக்கவேணும். இழுக்காது."

"மெதுவாப் போனாப் போகட்டும். நான் காத்திருப்பன்."

"பாஸ்வேர்ட் மறந்தீங்களெண்டா ஒருத்தராலயும் திறக்கேலாது. அப்பாவின்ர படமெல்லாம் இதுக்குள்ளதான் கிடக்குது, தெரியும்தானே?"

அது எனக்குத் தெரியாதா? போரில் இடம்பெயர்ந்து திரிந்ததில் அப்பாவின் படம் ஒன்றுகூட எங்களிடம் மிஞ்சவில்லை. சொந்தக்காரர்களின் அல்பங்களில் ஓரமாக நின்ற அப்பாவை எல்லாம் தேடிப் பிடித்துப் போனில் படமெடுத்துச் சேர்த்தவளே நான்தான்.

"மறக்கமாட்டன். இதுக்குள்ள மற்ற ஆக்களின்ர உயிர் இருக்கு. பூட்டு."

அவன் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் தேத்தண்ணி போடப் போனேன். திரும்பி வந்தபோது மெஷினை என் பக்கம் திருப்பி வைத்தான். "அடியுங்கோ." நான் முன்பே யோசித்து வைத்திருந்த நீளமான வசனத்தை அடித்தேன். அடித்து முடிக்கும்வரை அவன் முற்றத்து மாமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அக்காவின் இரகசியத்தைப் பார்க்கக்கூடாது என்ற மரியாதை. மற்ற எல்லாவற்றையும்விட அந்த மரியாதைதான் இன்றைக்கும் என் வயிற்றை எரிக்கிறது.

"பூட்டியாச்சு, அக்கா."

சரி பார்த்திருக்கலாமே என்று கேட்பவர்கள் எங்கள் வீடுகளில் வாழ்ந்திருக்கமாட்டார்கள். கூலிக்கு வரும் மேசன் கட்டிய சுவரைத் தட்டிப் பார்க்கலாம். கடையில் தைத்த சட்டையைப் போட்டுப் பார்த்துக் குறை சொல்லலாம். கூடப்பிறந்தவன் பஸ் ஏறி வந்து, வியர்க்க வியர்க்க இருந்து, சும்மா செய்து தரும் வேலையைச் சரிபார்ப்பதென்பது அவன் முகத்தில் அடிப்பது. நன்றி சொன்னாலே "என்ன, பிறத்தியாருக்குச் சொல்லுற மாதிரி" என்று கோபிப்பார்கள். புட்டும் மீன்குழம்பும் கொடுத்து, மிச்சத்தைப் பொதிகட்டி அனுப்புவதுதான் எங்கள் சரிபார்ப்பு. அதை நான் ஒரு குறையும் இல்லாமல் செய்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அந்த நீள வசனத்தை அடித்துத்தான் மெஷினைத் திறந்தேன். ஒரு எழுத்துப் பிழைத்தால் மீண்டும் முதலிலிருந்து. சலிப்பாகவே இருந்ததில்லை. ஒரு காலத்தில் சோதனைச்சாவடிகளில் எங்கள் பைகளை யார் யாரோ திறந்து கொட்டினார்கள். உள்ளாடைகளைக்கூட மேசையில் பரப்பிப் பார்த்தார்கள். இப்போது யாராலும் கொட்ட முடியாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்று மனதுக்குள் ஒரு செருக்கு. "இதை வேற ஆரும் கேப்பினமோ" என்று கேட்டவர்களிடம் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்: "என்ர விரல் இல்லாமல் அது திறக்காது."

அப்படிச் சொல்லித்தான் அவளையும் பேச வைத்தேன்.

கனகராயன்குளம் பக்கத்துப் பெண். தாத்தா காலத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம். வீட்டுப் பேச்சு இன்னும் மலையகத்துப் பேச்சுத்தான். புருஷன் அவளுடைய கையை முறித்தவன். முறித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கும் அவனே கூட்டிப்போய், கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அவனே சொன்னவன். அவள் ஒருநாள் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். ஒட்டுசுட்டானுக்கு அங்கால், காட்டு ஓரத்தில், தெரிந்த ஒருத்தியின் காணியில் கொட்டில் போட்டு இருந்தாள். அந்த இடத்தின் பெயரை இங்கேயும் எழுதமாட்டேன். இடம் தெரிந்தால் வந்து வெட்டுவேன் என்று அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

வழக்குக்காக அவள் என்னிடம் எல்லாம் சொன்னாள். எப்படி வந்தாள், எங்கே இருக்கிறாள், மகள் எந்தப் பள்ளிக்கூடம், எல்லாமே. சொல்லி முடித்ததும் முறிந்து பொருந்திய கையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "மனசு லேசாயிருச்சுக்கா" என்றாள். கொட்டிலுக்குப் பின்னால் கச்சான், அதுதான் நிலக்கடலை, போட்டிருந்தாள். யானை வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "யானைக்குப் பட்டாசு கொளுத்தலாம்" என்று சிரித்தாள்.

மாரி தொடங்கிய காலத்தில் ஒருநாள் பின்னேரம் பெரிய இடி இடித்தது. லப்டொப் சார்ஜில் கிடந்தது. இழுத்து எடுப்பதற்குள் ஒரு மணம் வந்தது, அவ்வளவுதான். பிறகு எந்தப் பொத்தானுக்கும் அது அசையவில்லை.

தம்பிக்குப் போன் எடுத்தேன். போர்ட் எரிந்திருக்கும், டிஸ்க் தப்பியிருக்கும், முல்லைத்தீவு டவுனில் தன்னோடு படித்தவன் கடை வைத்திருக்கிறான், கொண்டுபோய்க் கொடுங்கோ, உள்ளே இருப்பதை எடுத்துத் தருவான் என்றான். நானும் பயமில்லாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். பூட்டிய பொருளைக் கொடுக்க என்ன பயம்? கடைக்காரத் தம்பியிடம் கொஞ்சம் கெப்பராக, தலையை நிமிர்த்தியே சொன்னேன்.

"பாஸ்வேர்ட் கேட்டா எனக்கு அறிவியுங்கோ. நான் வந்து அடிச்சுத் தருவன். வாயாலை சொல்லமாட்டன்."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

அவன் கேட்பான், நான் போவேன் என்று போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அழைப்பு வந்தது. ஆனால் அவன் பாஸ்வேர்ட் கேட்கவில்லை. "எல்லாம் எடுத்தாச்சு அக்கா. வந்து கொண்டுபோங்கோ" என்றான்.

பஸ்ஸில் இருந்துகொண்டு யோசித்தேன். என் விரல் இல்லாமல் எப்படி எடுத்தான்? பூட்டிய பெட்டியை அப்படியே வேறொன்றுக்கு மாற்றியிருப்பான், உள்ளே இருப்பது அவனுக்குத் தெரியாது, நான் போய்த்தான் திறக்க வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். தம்பி படித்தவன். தம்பி பூட்டியாச்சு என்று சொன்னவன். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு டவுன்வரை போனேன்.

கடைப்படியில் கால் வைக்கும்போது அவளுடைய குரல் கேட்டது.

முதலில் அவள்தான் கடைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஆளைத் தேடினேன். போனுக்குக் கண்ணாடி ஒட்ட இரண்டு பெடியன்கள் நின்றார்கள். சுவரோரத்து வாங்குப் பலகையில் ஒரு ட்ராக்டர்காரர் சார்ஜரைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். குரல் மேசையில் இருந்த ஸ்பீக்கரிலிருந்து வந்தது. "இங்க வந்து மகள பள்ளிக்கூடத்துல சேத்துட்டேன்க்கா" என்று சொல்லி, அடுத்ததாக அந்த இடத்தின் பெயரைச் சொன்னாள். தெளிவாகச் சொன்னாள். நான்தான் பக்கத்தில் இருந்து, "பயப்பிடாமல் தெளிவாச் சொல்லுங்கோ" என்று சொல்லிக் கொடுத்தவள்.

"நிப்பாட்டும்!" என்று கத்த நினைத்தேன். தொண்டை அடைத்துவிட்டது. ஓடிப்போய் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினேன்.

"சத்தம் பழுதில்லாமல் வந்திருக்கோ எண்டு பாத்தனான் அக்கா" என்றான் கடைக்காரத் தம்பி, திடுக்கிட்டுப்போய்.

ட்ராக்டர்காரர் என்னைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னார்: "கேட்ட குரல் மாதிரிக் கிடக்கு. கனகராயன்குளத்துப் பிள்ளையோ?"

அவர் கெட்டவரில்லை. நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் வன்னியில் ஒரு கதை ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போவதற்குக் கெட்டவர் யாரும் தேவையில்லை. தேத்தண்ணிக் கடையில் ஒரு நல்லவர் இருந்தால் போதும்.

"டிஸ்க் பூட்டிக் கிடந்ததெல்லோ? எப்பிடித் திறந்தனீங்கள்?" குரல் வந்ததும் நான் கேட்டது அதுதான்.

அவன் மரியாதையாகத்தான் விளக்கினான். டிஸ்க் பூட்டப்படவே இல்லை. மெஷினுக்குள் நுழையும்போது கேட்கும் பாஸ்வேர்ட் மட்டும்தான் போட்டிருந்தது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் செருகியதும் எல்லாம் திறந்தபடி கிடந்தன. உண்மையில் பூட்டியிருந்தால் லினக்ஸ் விழிக்கும் முன்பே, திரை கறுப்பாக இருக்கும்போதே, ஒரு பாஸ்வேர்ட் கேட்டிருக்கும். என்னிடம் அது ஒருநாளும் கேட்டதில்லை. வேலியில்லாத வளவுக்கு நான் காலை மாலை படலை பூட்டித் திரிந்திருக்கிறேன்.

"பூட்டியிருந்தா இதையெல்லாம் எடுத்திருக்கேலாதோ?" என்று கேட்டேன். எனக்கு அதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

"ஏன் ஏலாது? நீங்கள் வந்து பாஸ்வேர்ட் அடிச்சிருந்தா வடிவாத் திறந்திருக்கும்."

எல்லாவற்றையும் ஒரு பென்ட்ரைவில் போட்டு டிஸ்க்கோடு தந்துவிட்டு, தன் கணினிக்கு மாற்றி வைத்திருந்தவற்றை அவன் என் கண்முன்னால் அழித்தான். "அழிச்சிட்டன், அக்கா" என்றான். அந்தச் சொல்லையும் நான் நம்பித்தான் ஆகவேண்டும், வேறு வழி இல்லை.

கடை வாசலில் நின்றே தம்பிக்குப் போன் எடுத்தேன்.

"டிஸ்க் பூட்டேல்லையாம்."

"ஓம் அக்கா. பூட்டியிருந்தா அந்தப் பழைய மெஷின் செத்திருக்கும். நீங்களே ரெண்டு நாளில என்னை ஏசியிருப்பீங்கள்" என்றான்.

"பூட்டியாச்சு எண்டு சொன்னனீயே."

"நீங்கள் விடேல்லைத்தானே. உங்களைச் சமாதானப்படுத்தச் சொன்னனான். பாஸ்வேர்ட் மறந்திருந்தா அப்பாவின்ர படம் போயிருக்கும். இப்ப எல்லாம் கிடைச்சிட்டுதோ இல்லையோ?"

அவன் பதறியிருந்தால், மன்னிப்புக் கேட்டிருந்தால், கோபித்துப் போனை வைத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு நொந்திருக்காது. அவன் எனக்கு நல்லது செய்த குரலில் பேசினான். பிள்ளைக்குக் கசப்பு மருந்தைச் சீனி என்று சொல்லிப் பருக்குவார்களே, அப்படித்தான் என்னோடு நடந்திருக்கிறான். நான் அவனைவிட மூத்தவள். ஷெல் விழுந்த நாட்களில் பங்கருக்குள் அவனை மடியில் வைத்திருந்தவள். அவனுக்கு நான் ஒரு வேலை செய்கிற மனிசியாகவே தெரியவில்லை. அடம்பிடிக்கிற ஒரு பொம்பிளை, ஓம் என்று சொல்லி அனுப்பிவிட வேண்டியவள்.

வீட்டில் அம்மா என் போனில் ஏற்றிய அப்பாவின் படங்களைப் பார்த்து அழுதா. "அவன் பூட்டாமல் விட்டபடியாத்தானே இதெல்லாம் கிடைச்சது. அவனுக்கு எப்பவும் யோசனை முன்னுக்குத்தான்" என்றா. பூட்டியிருந்தாலும் கிடைத்திருக்கும் என்று சொன்னேன். அம்மாவுக்கு அது காதில் ஏறவில்லை. அன்றைக்கு என் வீட்டில் அவன் அப்பாவைக் காப்பாற்றிய பிள்ளை. என்னை ஏமாற்றியவன் என்று சொல்ல எனக்கு ஒரு சாட்சியும் இல்லை.

அடுத்த நாள் காலை ஒட்டுசுட்டான் பஸ் எடுத்து, இறங்கி, அவளுடைய கொட்டிலுக்குப் போனேன். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவள் கச்சானுக்குள் புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கடை, ஸ்பீக்கர், ட்ராக்டர்காரர், தம்பி. அவள் முடிவில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இந்த ஊரு பேரும் கேட்டுச்சாக்கா?"

"ஓம்."

எழுந்து கை மண்ணைத் தட்டிவிட்டுப் போய்க் கொடியில் கிடந்த உடுப்புகளை எடுத்தாள். ஈரமாக இருந்தவற்றையும் எடுத்தாள். ஏசியிருந்தால் நல்லாயிருக்கும் என்று நினைத்தேன். "அந்தாளுக்கு இன்னும் தெரியாமலும் இருக்கலாம்" என்றேன். என் காதுக்கே அது தம்பியின் பேச்சுமாதிரிக் கேட்டது. கச்சான் இன்னும் கொஞ்ச நாளில் கிண்டுகிற பதம். அதை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க போவாய்? நான் ஒழுங்கு செய்து தாறன்" என்றேன்.

"வேணாங்க்கா" என்றாள். "கோவிச்சுக்காதீங்க. இந்தவாட்டி உங்களுக்கும் சொல்லல."

மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே கூட்டிக்கொண்டு அவள் அன்றைக்கே போய்விட்டாள். இரண்டாவது முறையாக, அதே சீருடையோடு. நான் வீட்டுக்கு வந்து குசினிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு மற்றப் பெண்களிடமும் ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னேன். சிலர் கதவுக்கு உள்ளே நின்றபடியே கேட்டார்கள்.

டிஸ்க்கை வேறொரு பழைய மெஷினுக்குள் போட்டு, லினக்ஸை இந்த முறை நானே பதிந்தேன். கடைக்காரத் தம்பி போனில் வழி சொன்னான். பாதி வழியில் அந்தப் பக்கம் வந்தது. முழு டிஸ்க்கையும் பூட்டவா என்று ஒரு வரி, அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம். ஒரு தட்டு. அவ்வளவுதான் வேலை. அதைத் தட்டாமல் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் குசினியில் அவனுக்குத் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த நேரம் அவன் இதைத்தான் பார்த்திருப்பான். பார்த்துத் தாண்டியிருப்பான். பிறகு மாமரத்தையும் பார்த்திருப்பான்.

தட்டினேன். மெஷின் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடுகிறது. அப்படியொன்றும் சாகவில்லை.

தைப்பொங்கலுக்குத் தம்பி வந்தான். மேசையில் மெஷினைக் கண்டு, பழக்கதோஷத்தில் திறந்து பொத்தானை அழுத்தினான். கறுப்புத் திரை அவனிடம் பாஸ்வேர்ட் கேட்டது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன அக்கா, என்னையும் நம்பேல்லையோ?"

"ஓம், நம்பேல்லை" என்றேன். ஆச்சரியம், அன்றைக்குக் குரல் உடனேயே வந்தது.

அவன் முகம் சிறுத்துவிட்டது. அம்மா பொங்கல் தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு அப்படியே நின்றா. அவன் கதையை மாற்றுகிறவன்போல, "சரி, அம்மா சொன்ன அந்தப் பொம்பிளைக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே? இப்ப எங்க இருக்கிறா?" என்றான்.

"தெரியாது."

"எனக்குக்கூடச் சொல்லமாட்டீங்கள், என்ன?"

"எனக்குத் தெரியாதடா."

அவன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தான். கூடப்பிறந்தவனிடமே பொய் சொல்லுமளவுக்கு அக்கா மாறிவிட்டாள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, பொங்கலைத் தொடாமல் பஸ்ஸுக்குப் போனான். அவனுக்கு நான் சொன்னது முழு உண்மை. அவன் அதை இன்றுவரை நம்பவில்லை.